பாலைக் கடற்கரையில் விடுமுறை

விடுமுறை என்னும் சொற்கேட்ட அளவானே மாணாக்கர் முகம் மலர்தலும் ஆசிரியர் உள்ளம் நெகிழ்தலும் எக்கல்லூரிக்கும் உரிய இயல்பாம். ஊருக்குச் செல்லுதல், உற்றாரைக் காணுதல், மலைவாசத்தலம் ஒன்றிற் சின்னாள் தங்குதல் என்னும் அளவில் நின்ற நம் விடுமுறைகள் இக்காலத்திற் பெரிதும் விரிந்துவிட்டன. நம் கல்லூரியிற் பயின்று வெளியேறிய அன்பர் பலர் அராபிய நாடுகளிலும் ஐரோப்பாவிலும் தொழில் புரிந்து வருகின்றனர். ஒரு வாரம் ஓய்வு வாய்ப்பின், எகிப்து தேயத்துச் செங்கடற்கரைக்குச் சென்று, கடலுள் மூழ்கிப் பவளப் பாறைகளைக் கண்டு மீளுதல் அவர்க்கு எட்டாக் கனியன்று. இவ்விருப்பம் நல்லதே. ஆயின், அப்பிரயாணத்தை வகுத்துக்கொள்ளும் முறையிலே நம்மவர் பலரும் தலையிருக்கவேண்டிய இடத்திற் காலை வைக்கின்றனர் என்பது எம் கருத்து. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அம்முறைதான் யாதெனின், முதலில் விடுதியைத் தேடுதல். அதன் வாடகையையும் உணவையும் நீச்சற் குளத்தையும் ஆராய்தல். பின்னர் விமானச் சீட்டுப் பெறுதல். சென்று சேர்ந்தபின், கரையில் நின்று அழைக்கும் யாரேனும் ஒருவரிடம், 'நாளை என்னைக் கடலுக்குள் அழைத்துச் செல்வீரா?' என்று வினவுதல். இவ்வரிசை முற்றும் மாறவேண்டும். கடலின் இயல்பை முதலில் அறிக. தம் உடலின் தகுதியை அடுத்து ஆராய்க. அவ்விரண்டுக்கும் இயைந்த காலத்தையும் ஊரையும் தெரிக. விடுதியை ஈற்றில் அமைத்துக்கொள்க. என்னை? விடுதி பிழைப்பின் ஒரு வாரத்து வசதி கெடும்; கடலிற் பிழைப்பின் உயிர் கெடும்; நாம் பிழைப்பின் அக்கடலே கெடும்.

செங்கடலின் இயல்பை முதற்கண் நோக்குவோம். நம் முன்னோர், முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்த நிலையைப் பாலை என்றும், கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் என்றும் வகுத்தனர். சினாய்த் தீபகற்பத்திலோ இவ்விரு திணையும் தோளொடு தோள் நெருங்கி நிற்கின்றன. புல்லும் முளையாத செம்மலைகள் கடலின் விளிம்பு வரை இறங்கி வருகின்றன. அவ்விளிம்பிலிருந்து பத்தடி வைப்பின், நீருக்கடியிற் பொற்பூக்களும் ஊதாக்கிளைகளும் செறிந்த சோலை ஒன்று தொடங்குகின்றது. மேலே வறட்சியும் கீழே வளமும் இவ்வாறு அடுத்தடுத்து அமைந்தது தற்செயலன்று. பாலையே அச்சோலைக்குக் காவலாக உளது. செங்கடலில் நிலையாக ஓடும் ஆறு ஒன்றேனும் வந்து கலப்பதில்லை. மழையும் மிகச் சொற்பம். ஆதலின் வண்டலும் சேறும் கடலைக் கலக்குவதில்லை. நீர் பளிங்குபோல் தெளிந்து, கதிரவன் ஒளி ஆழத்தளவும் ஊடுருவுகின்றது. பவளத்தை ஆக்கும் நுண்ணுயிர்கள் தம் உடலுள்ளே வாழும் பாசியினத்தின் துணையால் உணவு பெறுவன. அப்பாசிக்கு ஒளி இன்றியமையாதது. எனவே, மண்ணிற்கு மழை மறுத்த வானமே கடலுக்கு ஒளியை வாரி வழங்கிப் பவளத்தை வளர்க்கின்றது.

இக்கடல் ஏறத்தாழ 2,250 கிலோமீட்டர் நீளமுடையது. பெருங்கடல் நீரில் ஆயிரம் பங்குக்கு உப்பு ஏறத்தாழ 35 பங்காக, இக்கடலின் வடபாகத்தில் அது 40 பங்கை எட்டும். உப்பு மிகுதியால் உடல் எளிதில் மிதக்கும். மூழ்குவோர் வேறிடங்களிற் கட்டுவதினும் சற்று மிகுதியான ஈயக் குண்டுகளை இடையிற் கட்டவேண்டும். சினாய்க்கு மேற்கே சூயஸ் வளைகுடா, கிழக்கே அக்கபா வளைகுடா. முன்னது ஆழம் குறைந்தது. பின்னதோ 1,800 மீட்டருக்கும் மேல் ஆழ்ந்து கிடப்பது. கரையிலிருந்து சின்னேரம் நீந்திய அளவில் அடிகாணாப் பள்ளத்தின் மேல் நிற்க நேரும் இடங்கள் அங்குண்டு. இதனை அறியாது செல்பவன், முழங்கால் நீரில் நிற்பதாக எண்ணி மலையுச்சியின் விளிம்பில் நிற்பவனை ஒப்பான்.

அடுத்து, ஊரைத் தெரிந்துகொள்ளும் முறை. சினாயின் தென்முனையில் உள்ள ஷார்ம் எல்-ஷெய்க் சிறியதொரு மீன்பிடி ஊராக இருந்தது. 1967-ஆம் ஆண்டுப் போரில் சினாய் இஸ்ரேலின் கைப்பட்டது. 1982-இல் எகிப்துக்கு மீண்டது. அதன் பின்னர் எழுந்தனவே இன்று அங்குக் காணும் பெருவிடுதிகள் பெரும்பாலன. அதற்கு வடக்கே அக்கபா வளைகுடாவின் கரையில் தஹாப் என்னும் ஊர் உளது. அராபிய மொழியில் அப்பெயர் பொன் எனப் பொருள்படும். கரையிலிருந்தே நேரே நீரில் இறங்கிப் பவளத்தைக் காண்பதற்கு அவ்வூர் சிறந்தது. வளைகுடாவுக்கு அப்பால், எகிப்தின் பெருநிலக் கரையில் ஹுர்கதாவும், அதற்குத் தெற்கே நெடுந்தொலைவில் மார்ஸா ஆலமும் உள்ளன. ஹுர்கதாவில் பெரும்பாலும் படகேறியே நல்ல பாறைகளை அடைதல் வேண்டும். மார்ஸா ஆலத்தை அடுத்த விரிகுடாக்களிற் கடற்புல் மேயும் ஆமைகளையும், அருகித் தோன்றும் கடற்பசுவையும் காணலாம். படகின் ஆட்டம் ஒவ்வாதவன் படகையே நம்பிய ஊரில் விடுதி பிடிப்பதும், மூழ்கப் பழகாத முதியோரை உடன்கொண்டு செல்பவன் கரையோரப் பாறை இல்லாத இடத்தில் தங்குவதும் பணத்தை மணலிற் கொட்டுதலேயாம். மண்டபத்தின் விரிவும் அறையின் அழகும் எங்கும் ஒரு படித்தாக இருக்கும். வாயிலிலிருந்து பவளப்பாறை எத்துணைத் தூரம் என்பதே ஊருக்கு ஊர் வேறுபடுவது.

காலத்தைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். வடபாகத்தில் நீரின் வெம்மை மாசி மாதத்தையொட்டி ஏறத்தாழ 21 பாகையாகவும், ஆவணியையொட்டி 28 பாகையாகவும் இருக்கும். நம் கடற்கரைக்குப் பழகியவனுக்கு 21 பாகை நீரில் அரைமணி நேரம் நிற்பது பெருங்குளிர். தடித்த ரப்பர் ஆடையின்றி அது கூடாது. கோடையிலோ நீர் இதமாக, நிலம் உலையாக இருக்கும். வெயில் 40 பாகையை எட்டும் நாள்கள் உண்டு. ஆகவே பங்குனி முதல் வைகாசி வரையும், புரட்டாசி முதல் கார்த்திகை வரையும் உள்ள காலம் நடுநிலையானது. வடகாற்று ஆண்டு முழுவதும் வீசுவது; அது வலுத்த நாளிற் படகு செல்லாது. எனவே, ஏழு நாளில் ஏழு நாளும் கடலுக்கெனக் கணக்கிடாது, காற்றுக்கென ஒரு நாளை ஒதுக்குதல் அறிவுடைமை.

இனி, உடலைப் பற்றிய செய்தி. இதுவே யாம் முதன்மையாக வற்புறுத்த விரும்புவது. பிரெஞ்சு நாட்டவரான கூஸ்தோ, கன்யான் என்னும் இருவர் 1943-ஆம் ஆண்டில் அமைத்த கருவியின் வழிவந்த காற்றுக்குடுவையைத் தோளிற் சுமந்தே இன்று மக்கள் மூழ்குகின்றனர். கருவி எளிது, அதன் பின் நிற்கும் இயற்கை விதிகள் எளியவல்ல. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. நம் பௌதிக வகுப்பிற் பாயில் என்பாரின் விதியைப் படித்தோமன்றோ? அதனை அங்கு நெஞ்சறையிலேயே மெய்ப்பிக்கலாம். 10 மீட்டர் ஆழத்தில் மூச்சை நிறைத்து, அதனை அடக்கியவாறே மேலெழுந்தவனுடைய நுரையீரலிற் காற்று இரு மடங்காக விரிய முயலும்; நுரையீரல் கிழியவும் உயிர் பிரியவும் கூடும். மூச்சை ஒருபோதும் அடக்கற்க என்பது இக்கலையின் முதற் பாடமாக அமைந்தது இதனால்தான்.

இரண்டாம் விதி இன்னும் நுட்பமானது. அழுத்தம் மிகுந்த காற்றைச் சுவாசிக்குங்கால், அதிலுள்ள நைட்ரஜன் வாயு இரத்தத்திலும் தசையிலும் கரைகின்றது. மெல்ல மேலெழுந்தால் அது மெல்ல வெளியேறும். விரைந்து எழுந்தாலோ, சோடாப் புட்டியைத் திறந்தவழி எழும் குமிழிகளைப்போல் உடலுள் குமிழிகள் தோன்றி மூட்டுகளை நோவச்செய்யும். நரம்புகளைத் தாக்கி முடமாக்குதலும் உண்டு. மூழ்கி முடித்தபின்னும் பல மணிநேரம் அவ்வாயு உடலில் எஞ்சி நிற்கும். அந்நிலையில் ஆகாய விமானத்தில் ஏறுவது, விமானத்தினுள் அழுத்தம் குறைவாதலின், மிக விரைந்து மேலெழுவதோடு ஒக்கும். ஒருமுறை மட்டும் மூழ்கியவர் 12 மணிநேரமேனும், பன்முறை மூழ்கியவர் 18 மணிநேரமேனும் கழித்தே விமானம் ஏறவேண்டும் என்பது இத்துறை வல்லுநர் வகுத்த நெறி. முழுதாக ஒரு நாள் விடுதலே சாலச் சிறந்தது.

சினாய்க்குச் செல்லும் நம்மவர்க்கு இவ்விதியால் வரும் மற்றோர் இடரும் உண்டு; அதனை எண்ணுவார் சிலரே. மோசே கற்பலகைகளைப் பெற்றார் என்று மரபு கூறும் சினாய் மலை அக்கடற்கரையிலிருந்து சில மணிநேரப் பயண தூரத்தில் உளது. அதன் உயரம் 2,285 மீட்டர். அதன் அடிவாரத்திலே ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசன் எழுப்பிய புனித கத்தரீனாள் மடம் தானும் 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் நிற்கின்றது. வேதாகமம் பயின்ற நம் கல்லூரி அன்பர் எவரும் அதனைக் காணாது மீள மனங்கொள்ளார். பகலெல்லாம் கடலில் மூழ்கி, அன்றிரவே வண்டியேறி, விடியலிற் கதிரவன் தோற்றத்தை மலையுச்சியிற் காணலாம் என்று திட்டமிடுவோர் உளர். விமானம் ஏறுவதால் விளையும் தீங்கு அம்மலை ஏறுவதாலும் விளையும் என்பதை அவர் அறியார். எனவே மலையை முதலிலும் கடலைப் பின்னும் வைக்க. அன்றேல் இரண்டுக்கும் இடையே ஒரு நாளைத் தரையிற் கழிக்க. வாரத்தின் முதல் இரு நாள் மலைக்கும் மடத்துக்கும், அடுத்த நான்கு நாள் கடலுக்கும், இறுதி நாள் கரையில் ஓய்வுக்கும் என வகுத்தால், பார்க்கவேண்டியன அனைத்தும் பார்க்கப்படும். உடலும் நலமே திரும்பும்.

முன் பயிலாதவர்க்கு மற்றொன்று கூறுதும். முதற்படிப் பயிற்சிக்கு மூன்று அல்லது நான்கு நாள் வேண்டும். அதனை முடித்தோர்க்கு 18 மீட்டர் ஆழமே எல்லை. மேற்பயிற்சி பெற்றோர் 30 மீட்டர் வரை செல்லலாம். பொழுதுபோக்காக மூழ்குவோர் எவர்க்கும் 40 மீட்டரே முடிந்த எல்லை. இழைப்புநோய், இதயநோய், செவிநோய் உடையோர் மருத்துவரின் ஒப்புதலை ஊரிலிருக்கும்போதே பெறுதல் வேண்டும். அங்குச் சென்றபின் வினாத்தாளில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிக் கையொப்பமிடுபவன் யாரை ஏமாற்றுகின்றான்? பயணக் காப்பீட்டுப் பத்திரம் மூழ்குதலையும் உள்ளடக்குகின்றதா, எத்துணை ஆழம் வரை என்பதையும் சிற்றெழுத்திற் படித்தறிதல் வேண்டும். ஊரில் நீந்தப் பழகாதார் முதலில் நீச்சலைக் கற்கக்கடவர்.

எல்லையைக் கடக்கும் செருக்கு எத்தகைய விளைவைத் தரும் என்பதற்குத் தஹாபுக்கு வடக்கே ஓர் இடம் சான்றாக நிற்கின்றது. நீலக்குழி என அதனை வழங்குவர். கரையை ஒட்டியே ஏறத்தாழ 100 மீட்டர் ஆழமுள்ள வட்டக் கிணறுபோன்ற பள்ளம் அது. அதன் சுவரில், ஏறத்தாழ 55 மீட்டர் ஆழத்தில், வெளிக்கடலுக்குத் திறக்கும் வளைவழி ஒன்றுண்டு. தெளிந்த நீரில் அவ்வழியின் மறுபுறத்து ஒளி மிக அண்மையில் இருப்பதுபோல் தோன்றும். 30 மீட்டருக்குக் கீழே நைட்ரஜன் மதுவைப்போல் அறிவை மயக்குவதும் உண்டு. மயங்கிய அறிவும், மருட்டும் ஒளியும், குறைந்து வரும் காற்றும் ஒருங்கு கூடியவிடத்து மீளாது போயினார் பலர். அவர்தம் பெயர் பொறித்த நினைவுக் கற்கள் கரைப்பாறையில் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. அவருட் பெரும்பாலோர் இளைஞர். அக்குழியின் மேற்புறத்து விளிம்போ, கண்ணாடியணிந்து நீரின் மேல் மிதந்து செல்வோர்க்கும் பேரழகு காட்டுவது. ஒரே இடத்தில், அளவறிந்தவனுக்கு விருந்தும் அளவு கடந்தவனுக்குக் கூற்றும் காத்திருத்தலைக் காண்கின்றோம்.

துணையின்றி மூழ்கலாகாது என்பது இக்கலையின் மற்றொரு விதி. இருவர் இருவராகவே செல்வர். ஒருவர் கருவி பழுதுபடின் மற்றவர் தம் காற்றைப் பகிர்வர். இவ்வுண்மை தமிழர்க்குப் புதிதன்று. தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த பரதவர், கல்லைப் பற்றிக் கீழிறங்குங்கால், தோணியிற் கயிறு பிடித்து நிற்பவரின் கையிலேயே தம் உயிரை ஒப்புவித்தனர். நம்பத்தகாதவனிடம் எவரும் கயிற்றைக் கொடுத்திலர். இன்று விலை மலிந்த படகையும், முகமறியா வழிகாட்டியையும் ஒரு நொடியில் தெரிந்தெடுக்கும் நாம் அம்முன்னோரின் எச்சரிக்கையைக் கற்றல் வேண்டும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மார்ஸா ஆலத்தை அடுத்த கடலில், மூழ்குவோரை ஏற்றிச் சென்ற படகொன்று பேரலையிற் கவிழ்ந்து பல உயிர்கள் போயின. வழிகாட்டி ஒருவர்க்கு மாணாக்கர் எத்தனை பேர், படகில் உயிர்காப்பு அங்கியும் பிராணவாயுவும் உளவா, இரவில் விழித்திருந்து காப்பவர் உண்டா என்று வினவுவதற்குக் கூசற்க. வினவியபோது வெகுளும் படகுக்காரரை விட்டு நீங்குக.

இங்ஙனம் ஆயத்தமாகச் சென்றவன் காணும் காட்சிகளோ சொல்லில் அடங்கா. சினாயின் தென்முனையாகிய ராஸ் முகம்மது 1983-இல் எகிப்தின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. செங்குத்தாக இறங்கும் பவளச் சுவரின் முன் ஆயிரக்கணக்கான செம்பொன் நிறச் சிறுமீன்கள் தீப்பொறிபோல் மின்னும். கிளிமீன்கள் பவளத்தைக் கடித்து விழுங்கி மணலாக்கிக் கழிக்கும். நாம் நடக்கும் வெண்மணலிற் பெரும்பகுதி அவற்றின் உழைப்பே. அங்கு 1980-இல் பாறையில் மோதிச் சிதைந்த யோலண்டா என்னும் சரக்குக் கப்பலிலிருந்து சிதறிய கழிப்பறைப் பீங்கான்கள் இன்றும் கடலடியிற் கிடக்க, அவற்றுள் மீன்கள் குடிபுகுந்து வாழ்கின்றன! சூயஸ் வளைகுடா வாயிலில் திஸில்கோர்ம் என்னும் பிரிட்டிஷ் கப்பல் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்திற் கிடக்கின்றது. 1941 அக்டோபர் 6-ஆம் நாள் ஜெர்மானிய விமானங்களின் குண்டுகளால் அது மூழ்கிற்று. அதன் அறைகளில் இன்றும் போர்வீரர்க்கெனக் கொண்டுசென்ற மோட்டார்ச் சைக்கிள்களும் லாரிகளும் காலணிகளும் வரிசை குலையாது நிற்கின்றன. அக்கப்பலில் ஒன்பதின்மர் மாண்டனர். அதனைப் பொருட்காட்சிச் சாலையென்று மட்டும் எண்ணி, ஒரு துண்டைக் கழற்றி எடுத்துவர முயல்வோர் தாம் ஒரு கல்லறையில் நிற்பதை மறந்தவராவர்.

கல்வியுடையார்க்கு வேறோர் இன்பமும் உண்டு. லின்னேயஸின் மாணாக்கரான பீட்டர் ஃபோர்ஸ்கால் என்பார், டேனிஷ் மன்னர் 1761-இல் அனுப்பிய ஆராய்ச்சிக் குழுவுடன் செங்கடல் வழியே சென்று, மீனவர் கரைக்குக் கொணர்ந்த மீன்களை எல்லாம் ஆராய்ந்து எழுதினார். செடிகளைத் தாளில் அழுத்தி உலர்த்துமாறுபோல மீன்தோல்களையும் உலர்த்திச் சேமித்தார். 1763-இல் ஏமன் நாட்டில் நோயுற்று இறந்தார். அவர் குறிப்புகளை, அக்குழுவில் உயிரோடு மீண்ட ஒரே ஒருவரான நீபூர் 1775-இல் வெளியிட்டார். அவர் உயிர் கொடுத்து, உலர்ந்த தோலாகக் கண்டவற்றை நாம் உயிரோடு, நிறத்தோடு, அவை வாழும் இடத்திலேயே சென்று காண்கின்றோம். ஆதலின், செல்லுமுன் இருபது மீன்களின் பெயரையேனும் கற்றுச் செல்க. பெயரறியாதவனுக்கு எல்லாம் 'மீன்' என்னும் ஒரு சொல்லில் அடங்கிப்போம். பெயரறிந்தவனுக்கோ ஒவ்வொன்றும் ஒரு புதிய நண்பனைக் கண்டது போலாம்.

கடலின்பால் நம் கடமையை இனிக் கூறுவோம். பாறைபோற் பருத்து வளரும் பவளம் ஆண்டொன்றுக்கு ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. நம் இடுப்பளவு உயர்ந்த ஒன்று நம் பாட்டனார் பிறக்குமுன் தோன்றியதாகலாம். துடுப்புக்காலின் ஓர் உதை அதனை நொடியில் முறிக்கும். படகுகள் பாறைமேல் நங்கூரம் வீசிப் பேரழிவு செய்து வந்தமை கண்டு, ஹுர்கதாவில் மூழ்குதொழில் புரிவோரே 1992-இல் ஹெப்கா என்னும் சங்கத்தை நிறுவி, படகுகளைக் கட்டுதற்கு மிதவைகளை அமைத்தனர். தம் பிழைப்பு எதனால் நடக்கின்றதோ அதனைத் தாமே காக்க முற்பட்ட அவர் செயல் போற்றத்தக்கது. மிதவையிற் படகைக் கட்டாது நங்கூரம் வீசும் படகிற்கு நம் காசைக் கொடாமையே நாம் செய்யத்தக்க உதவி. பவளத்தையும் சங்கையும் எடுத்து வருதல் சட்டப்படி குற்றம். மீனுக்கு ரொட்டியிடுதல் அன்புபோல் தோன்றினும் அதன் இயற்கை உணவைக் கெடுப்பது. வெயிலுக்குப் பூசும் தைலங்களுட் சில பவளத்துக்கு நஞ்சாவன என அஞ்சி ஹவாய்த் தீவுகளும் பலாவு நாடும் அவற்றைத் தடுத்துள்ளன. நீண்ட கையுடைய நீச்சலாடை அணியின் தைலமே வேண்டா.

இக்கடமைக்குத் தனிச் சிறப்புத் தரும் காரணமும் உண்டு. உலகெங்கும் கடல் வெப்பமுற்றுப் பவளங்கள் வெளுத்து மடியும் காலம் இது. அக்கபா வளைகுடாவை ஒட்டிய வடபாகத்துப் பவளங்கள் ஏனையவற்றினும் மிகுந்த வெப்பத்தைத் தாங்குவன என்று 2013-ஆம் ஆண்டு முதல் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டி வருகின்றனர். முற்காலத்தில் தெற்கிலுள்ள வெம்மை மிக்க வாயிலைக் கடந்து வந்த இனங்களே வடக்கே குடியேறியமையால் இவ்வாற்றல் வாய்த்தது என்பது அவர் கருத்து. அங்ஙனமாயின், உலகப் பவளங்களுக்கு இறுதிப் புகலிடமாக எஞ்சக்கூடிய ஓரிடத்திலன்றோ நாம் விடுமுறை கழிக்கச் செல்கின்றோம்! வெப்பத்துக்குத் தப்பிய ஒன்றை நம் காலுதையால் அழித்தோம் என்னும் பழி நமக்கு வேண்டா.

அந்நிலத்து மக்களையும் மறத்தலாகாது. தஹாபைச் சூழ்ந்த கரை முஸெய்னா என்னும் பெதுவின் குலத்தார் நெடுங்காலமாக ஒட்டகம் மேய்த்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த நிலம். பெருவிடுதியின் மதிலுக்குள்ளேயே உண்டு, உறங்கி, வாங்கி மீள்பவனுடைய பணம் அவர் குடிலை எட்டுவதில்லை. அவர்தம் சிற்றுண்டிச் சாலையில் ஒரு வேளை உண்பதும், பாலையில் வழிகாட்டியாக அவரையே அமர்த்துவதும் எளிய அறம். 2015 அக்டோபர் 31-ஆம் நாள் ஷார்மிலிருந்து புறப்பட்ட ரஷ்ய விமானம் தகர்க்கப்பட்டு 224 பேர் மாண்டபின், பிரிட்டனும் ரஷ்யாவும் அவ்வூருக்கு விமானப் போக்குவரத்தைப் பல ஆண்டுகள் நிறுத்தின. குற்றமற்ற படகோட்டியும் சமையற்காரனும் அதனால் வேலையிழந்து தவித்தனர். அக்கரையின் அமைதி அவர்க்கும் நமக்கும் பொதுவான நலம். பயணத்திற்கு முன் தம் அரசாங்கத்தார் வெளியிடும் எச்சரிக்கைகளைப் படித்தறிதல் அதனாலேயே வேண்டப்படுவது. தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல்: அங்குக் குழாயில் வருவது பெரும்பாலும் கடல்நீரை உப்பகற்றிப் பெற்றது. கோடையிற் குடத்தோடு வரிசையில் நின்ற நம் தாய்மாரை நினைப்பவன் அந்நீரை வீணாக்கான். ஊருள் நடக்குங்கால் நீச்சலாடையோடு திரியாது, அம்மக்களின் ஒழுக்கத்துக்கு இயைய உடுத்துதலும் விருந்தினன் கடன்.

'ஓய்வுக்குச் செல்பவன் தேர்வுக்குச் செல்பவனைப்போல் இத்துணைப் பாடங்களையும் சுமக்க வேண்டுமா?' என்று சில அன்பர் கேட்கலாம். அவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆண்டு முழுதும் உழைத்து அலுத்தவனுக்கு ஏழுநாள் எண்ணமின்றிக் கிடத்தலே இன்பம் என்பர். அங்ஙனம் கிடப்பதே கருத்தாயின், அதற்குக் கடல்கடந்த பாலை எதற்கு? வீட்டுத் திண்ணையே போதும். மூழ்குதற்கென்று செல்பவனுக்கோ, ஆயத்தமே ஓய்வைத் தருவது. முன்னரே கற்றவன் நீரிற் பதைப்பதில்லை. மூச்சு சீராக ஓடும். சீராக மூச்செறிபவனுக்குக் குடுவையிற் காற்று நீடிக்கும். காற்று நீடிக்க, காட்சியும் நீடிக்கும். கல்லாதவன் அச்சத்தாலே இருபது நிமிடத்திற் காற்றைத் தீர்த்துக் கரையேறி, 'கடலில் என்ன இருக்கின்றது?' என்பான். ஊரில் ஒரு மாதம் செலவிட்ட மாலைப்பொழுதுகள் அங்கு ஒவ்வொரு நிமிடத்தையும் இரட்டிப்பாக்குகின்றன. மூழ்க இயலாதாரும் மனம் தளர வேண்டா. கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து மேற்பரப்பில் மிதப்பவர்க்கு அக்கரைகள் தம் செல்வத்திற் பெரும்பகுதியைக் காட்டிவிடும். ஆழம் சென்றவனே கண்டவன் என்பது பொய்.

இளைஞர்காள்! பொருள் ஈட்டி, உலகைக் காணும் நாள் உங்களுக்கு விரைவில் வரும். பழைய மாணவர் பலர்க்கு அது வந்தேவிட்டது. அந்நாளிற் பயணக் குறிப்பேட்டைத் திறந்து முதல் ஏட்டில் விடுதியின் பெயரை எழுதற்க. நாடு திரும்பும் விமானம் எந்நாள், எந்நேரம் புறப்படும் என்பதை முதலில் எழுதுக. அதிலிருந்து 24 மணிநேரம் பின்னோக்கி எண்ணி, 'இதற்குமேல் நீரில் இறங்கேன்' என்று ஒரு கோடு கிழித்துக்கொள்க. மலை எந்நாள், கடல் எந்நாள், காற்றுக்கு விட்ட நாள் யாது என்பதை அக்கோட்டுக்கு முன்னே நிரப்புக. மருத்துவர் கூறியதையும், உடன் மூழ்கும் துணைவர் பெயரையும் அடுத்த ஏட்டில் எழுதுக. விடுதிக்குக் கடைசி ஏட்டில் இடம் போதும்.